சிறிய மருந்தகம் நடத்துவோருக்கு: புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு மருந்தாளரின் குறிப்புகள்

மருந்தகம் திறக்கக் கடை பார்க்கப் போகிறவர்கள் பின்னேரம் இரண்டரை மணிக்குப் போக வேண்டும். காலையில் எந்தக் கடையும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். வன்னி வெயில் உச்சத்தில் நிற்கும்போது அந்தத் தகரக் கூரைக்குக் கீழே அரை மணித்தியாலம் நின்று பாருங்கள். உங்களால் நிற்க முடியாத இடத்தில் குளிசைப் பெட்டிகள் வருடக்கணக்கில் இருக்கப்போகின்றன.

பரந்தன் – முல்லைத்தீவு வீதியோரம் 2013இல் என் மருந்தகத்தைத் திறந்தேன். பத்தடிக்குப் பதினாறடி. நானும் உதவிக்கு இரண்டு பிள்ளைகளும். போர் முடிந்து ஊர்கள் மீள எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு கடையில் சந்தேகம் வந்தால் அடுத்த கடையில் கேட்கலாம். இங்கே காட்டுக் கரைக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிற அம்மாவுக்கு அடுத்த கடை என்று ஒன்றில்லை. நான் கொடுப்பதை அப்படியே நம்பி விழுங்குவார். அந்த நம்பிக்கைக்குப் பதிலாக நாங்கள் செய்ய வேண்டியவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகத் தொடங்கும் தம்பி, தங்கச்சிமாருக்குப் பயன்படும்.

முதலில் வாங்க வேண்டியவை ஒரு வெப்பமானியும் ஒரு சீ.ஆர். கொப்பியும் (தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பி). வெப்பமானி, கூடிய வெப்பநிலையையும் குறைந்த வெப்பநிலையையும் நினைவில் வைத்திருக்கும் வகையாக இருக்க வேண்டும். கொப்பியில் கோடு அடித்து நிரல் பிரியுங்கள்: திகதி, நேரம், அறை, குளிர்சாதனப் பெட்டி, கையொப்பம். காலை எட்டு மணிக்கு ஒரு தடவை, பின்னேரம் இரண்டரைக்கு ஒரு தடவை. காலையில் பார்க்கும்போது இரவு எவ்வளவு ஏறியது என்பதையும் வெப்பமானி காட்டும். கடையைப் பூட்டி ஏ.சி.யை நிறுத்திய பிறகு உள்ளே நடப்பது அந்த எண்ணில்தான் தெரியும்.

வெப்பமும் ஈரமும்

திறந்த முதற்கிழமை மேற்குச் சுவர்த் தட்டில் வெப்பமானியை வைத்தேன். பின்னேரம் மூன்று மணிக்கு 37 பாகை காட்டியது. அந்தத் தட்டில் இருந்த பெட்டிகளில் சிலவற்றில் 30 பாகைக்கு மேற்படாமல் வைக்கவும் என்றும், சிலவற்றில் 25 பாகை என்றும் அச்சிட்டிருந்தது. அன்றே தட்டுகளைக் கழற்றி வடக்குச் சுவருக்கு மாற்றினோம். கூரைக்குக் கீழே றெஜிபோம் (வெப்பம் கடத்தாத வெள்ளை நுரை) பலகையால் உட்கூரை அடித்தோம். மூன்று நான்கு பாகை இறங்கியது. மிச்சத்தை இறக்குவதற்கு இரண்டாம் வருடம் கடன் எடுத்து ஏ.சி. பூட்டினேன். தொடக்கத்தில் அதற்கு வசதியில்லாதவர்கள் உட்கூரையையும் மேற்குச் சுவரையும் கவனித்தாலே பாதி வேலை முடிந்துவிடும். வெயில் படும் கண்ணாடிப் பெட்டிக்குள் பாணி மருந்தை அழகுக்கு அடுக்கி வைக்காதீர்கள். வெறும் அட்டைப் பெட்டிகளை அங்கே வைக்கலாம்.

சோளகக் காற்று புழுதியை வாரிக்கொண்டு வரும் மாதங்களில் திறந்த தட்டு உதவாது. தட்டுகளுக்குக் கண்ணாடிக் கதவு போடுங்கள். மாரியில் வேறு பிரச்சினை. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வந்ததே, அப்போது எங்கள் கடைக்குள்ளும் கணுக்காலளவு தண்ணீர் நின்றது. கீழ்த்தட்டு நிலத்தோடு ஒட்டியிருந்ததால் இரண்டு பெட்டிச் சேலைன் நீர்க் கரைசலும் குழந்தைகளுக்கு வயிற்றோட்டத்தின்போது கரைத்துக் கொடுக்கும் ஜீவனிப் பைக்கற்றுகளும் போயின. வெளிப்பெட்டி மட்டும்தான் நனைந்தது, உள்ளே பரவாயில்லை என்று துடைத்து விற்கச் சொன்னவர்களும் உண்டு. வெள்ளத் தண்ணீர் மலசலகூடக் குழியையும் தொட்டுக்கொண்டு வந்த தண்ணீர். நனைந்த அனைத்தையும் கழிவாகவே எழுதினேன். இப்போது கீழ்த்தட்டு நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. சுவரிலிருந்தும் நான்கு விரல் தள்ளி வைத்திருக்கிறோம். கறையான் சுவர் வழியாகத்தான் ஏறும்.

எல்லாக் குளிசையையும் சிறு கடதாசி உறையில் போட்டுக் கொடுப்பது எங்கள் நாட்டு வழக்கம். நெஞ்சுவலிக்கு நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசைக்கு அந்த வழக்கம் கூடாது. அது வந்த கபிலநிறக் கண்ணாடிக் குப்பியோடுதான் கொடுக்க வேண்டும். கடதாசியிலோ பிளாஸ்டிக்கிலோ வைத்தால் அதன் வீரியம் போய்விடும். குப்பியைத் திறந்த திகதியை மூடியில் எழுதச் சொல்லுங்கள். எட்டுக் கிழமை கழிந்தால் மிச்சத்தை விட்டுவிட்டுப் புதியது வாங்க வேண்டும். நள்ளிரவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அதைத் தேடும் மனிதருக்கு அது வேலை செய்தாக வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டி

இன்சுலின் இருக்க வேண்டியது 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில். வீட்டுப் பாவனைக் குளிர்சாதனப் பெட்டியிலும் இதைக் காக்கலாம், சில ஒழுங்குகளோடு. கதவுத் தட்டில் வைக்கக் கூடாது. திறக்கும்போதெல்லாம் சூடு பிடிக்கும். உறைபெட்டிக்கு நேர் கீழேயும் பின்சுவரோடு ஒட்டியும் வைக்கக் கூடாது, உறைந்துவிடும். நடுத்தட்டில், காற்றோடும் இடைவெளி விட்டு வையுங்கள். கீழே வெறுமையாக இருக்கும் இடத்தில் தண்ணீர் நிரப்பிய போத்தல்களை அடுக்குங்கள். மின்சாரம் நின்றால் அந்தத் தண்ணீர் குளிரைக் கொஞ்ச நேரம் பிடித்து வைத்திருக்கும். தயிரும் மதியச் சாப்பாடும் அதற்குள் வரவே கூடாது. இதில் என் கடைப் பிள்ளைகளோடு நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் இல்லாமலிருந்தது. கடையில் இன்சுலின் குப்பிகள் இருந்தன. நாடு முழுவதும் மருந்துத் தட்டுப்பாடு. ஒன்று பழுதானால் இன்னொன்று எப்போது வரும் என்று சொல்ல முடியாத நாட்கள். பதற்றத்தில் உறைபெட்டியிலிருந்த ஐஸ் பொதிகளை எடுத்து றெஜிபோம் பெட்டிக்குள் போட்டு, அவற்றின் மேலேயே குப்பிகளை அடுக்கிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் ஒரு கலப்பு இன்சுலின் குப்பியை எடுத்து உள்ளங்கைகளுக்கு இடையில் மெதுவாக உருட்டினேன். பால் கலங்கியதுபோல ஒரே சீராக வர வேண்டும். வரவில்லை. வெள்ளைத் துணிக்கைகள் உப்புப் பரல்போலக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நின்றன. இன்னொன்றும் அப்படியே. பொதியோடு முட்டிக்கொண்டிருந்த ஆறு குப்பிகளும் இரவில் உறைந்து, பிறகு இளகியிருந்தன. உறைந்த இன்சுலின் இளகினாலும் பழைய நிலைக்கு வராது. வெயிலுக்குப் பயந்து குளிரால் கெடுத்தேன். ஆறையும் கழிவுப் பெட்டியில் போட்டபோது என் கை நடுங்கியது.

சரியான முறை இதுதான். ஐஸ் பொதியை உறைபெட்டியிலிருந்து எடுத்தவுடன் பாவிக்காதீர்கள். மேசையில் வைத்துவிடுங்கள். மேற்பரப்பு வியர்த்து, காதருகே ஆட்டினால் உள்ளே தண்ணீர் அசையும் சத்தம் கேட்க வேண்டும். அதன் பிறகு துவாயால் சுற்றி, பெட்டியின் ஓரங்களில் வையுங்கள். நடுவில் குப்பிகள், அவற்றோடு வெப்பமானி. முல்லைத்தீவிலிருந்து மீனுக்கு வரும் கட்டி ஐஸைப் பாவிப்பதென்றாலும் இதே கதைதான்: தடித்த துணியால் சுற்ற வேண்டும், குப்பியோடு முட்டக் கூடாது, உருகும் தண்ணீர் குப்பிகளைத் தொடாமல் பொலித்தீனும் வேண்டும்.

வாங்குபவரின் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறதா என்று கேட்காமல் இன்சுலின் கொடுக்காதீர்கள். இல்லாதவர்கள் இன்னும் பலர். பாவனையிலுள்ள ஒரு குப்பியை வெயில் படாத, அதிகம் சூடேறாத இடத்தில் ஏறத்தாழ நான்கு கிழமை வைத்துப் பாவிக்கலாம். ஆகவே மாதக் கணக்கில் சேர்த்து வாங்க வேண்டாம், ஒன்றொன்றாக வாங்குங்கள் என்று சொல்வேன். பெரிய மண்சட்டிக்குள் ஈர மணல் பரப்பி, அதற்குள் சிறிய சட்டியை வைத்து, குப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி உள்ளே வைத்து ஈரத் துணியால் மூடினால் வெக்கைக் காலத்தில் நன்றாகவே தாங்கும். மணல் காயாமல் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். உடையார்கட்டில் ஒரு பாட்டி அந்தச் சட்டியை வேப்ப மரத்தடி நிழலில் வைத்துப் பல வருடமாக நடத்துகிறார். ஊசிக்குழாயையும் பார்த்துக் கொடுங்கள்: குப்பியில் ஒரு மில்லிலீற்றருக்கு 100 அலகு என்றிருந்தால் ஊசிக்குழாயிலும் 100 அலகுக் கோடுகள்தான் இருக்க வேண்டும்.

வாங்கும் இடம்

அனுமதி பெற்ற விநியோகத்தரிடம் மட்டும் வாங்குங்கள். விலைப்பட்டியலில் மருந்தின் பெயர், வலு, தொகுதி இலக்கம், காலாவதித் திகதி நான்கும் இருக்க வேண்டும். பெட்டி வந்தவுடன் பட்டியலையும் பெட்டியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, பிழையிருந்தால் வந்தவரின் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாகனத்தில் வந்து பாதி விலைக்குத் தருகிறேன் என்று நிற்பவர்களிடம் ஒரு அட்டைகூட வாங்க வேண்டாம். பெட்டியில் இந்திய ரூபாயில் விலை அச்சிட்டிருந்தால் அது எங்கள் சந்தைக்கென்று வந்த மருந்தல்ல. மன்னார், கற்பிட்டிக் கடல்வழியாகக் கடத்திவரப்படும் பிரீகபலின் (போதைக்கும் பாவிக்கப்படும் நரம்புவலி மருந்து) கப்சியூல்களைக் கடற்படை பலமுறை பிடித்திருக்கிறது. கடல் தாண்டி வள்ளத்தின் அடியில் வெயிலும் உப்புத் தண்ணீரும் பட்டு வந்த மருந்து எந்த நிலையில் இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகார சபை 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. மருந்தின் பதிவும் எங்கள் கடைக்கான அனுமதிப்பத்திரமும் அதன் கையில்தான் இருக்கின்றன. ஒரு மருந்தின் குறிப்பிட்ட தொகுதியில் குறை கண்டால் திரும்பப் பெறும் அறிவித்தலை அது விடுக்கும். அந்த அறிவித்தலில் தொகுதி இலக்கம் இருக்கும். பட்டியல்களை மாத வாரியாகக் கோப்பில் வைத்திருந்தால் கால் மணித்தியாலத்தில் உங்களிடம் அது இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். அலுமாரிக்குள் திணித்து வைத்திருந்தால் அந்த மருந்து போய்க்கொண்டே இருக்கும்.

மருந்துப் பொதியைப் பஸ்ஸில் போட்டு அனுப்பும் வழக்கம் இங்கே உண்டு. நடத்துநர் இடமில்லாமல் அதை இயந்திர மூடியின் மேல் வைத்துவிடுவார். வவுனியாவிலிருந்து வந்து சேரும்போது பெட்டி அடுப்பிலிருந்து எடுத்ததுபோலச் சுடும். சாதாரணக் குளிசைகளையே அப்படி எடுக்க நான் இப்போது சம்மதிப்பதில்லை. இன்சுலினை றெஜிபோம் பெட்டியோடு கிளிநொச்சிக்குப் போய் நானே எடுத்து வருகிறேன். அரை நாள் போகும். போகட்டும்.

காலாவதி

முதலில் காலாவதியாகும் பெட்டி முன்னால், பிந்தியது பின்னால். புதிய சரக்கு வந்ததும் முன்னால் தள்ளி வைப்பது கையின் பழக்கம்; அதை மாற்றுவதற்கு எங்களுக்கு ஒரு வருடம் எடுத்தது. மூன்று மாதத்துக்குள் முடியும் பெட்டிகளில் சிவப்பு மையால் வட்டம் போட்டு விநியோகத்தருக்கு அறிவித்துவிடுகிறோம். முடிந்தவற்றைப் பூட்டுள்ள தனிப் பெட்டியில் போட்டு "விற்பனைக்கு அல்ல" என்று எழுதி வைக்க வேண்டும். வளவில் எரிப்பதும் மலசலகூடக் குழியில் கொட்டுவதும் கூடாது. எங்கள் கிணறுகள் எல்லாம் அந்த நிலத்துக்குக் கீழேதான் இருக்கின்றன.

குளிசை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கும்போது ஒரு கவனம். பெயரும் திகதியும் அச்சிட்ட முனையைக் கடைசிவரை கடையிலேயே வைத்திருங்கள். மற்ற முனையிலிருந்து வெட்டுங்கள். பெயரில்லாத நான்கு குளிசைத் துண்டு தட்டில் கிடந்தால் அது என்ன என்று ஊகிக்காமல் கழிவில் போடுங்கள். போத்தலிலிருந்து எண்ணும் குளிசைகளுக்கு எண்ணும் தட்டும் கரண்டியும் பாவியுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம். பெனிசிலின் வகைக்குத் தனித் தட்டு. அதன் தூசி அடுத்தவரின் குளிசையில் ஒட்டினால், ஒவ்வாமை உள்ளவருக்கு அதுவே போதும்.

மேசைக்கு முன்னால்

ஒரு சனிக்கிழமை. கிளினிக் கொப்பியோடு ஒரு பெரியவர் வந்தார். நீரிழிவுக்கு மெற்போமின். உதவிக்கு நின்ற பிள்ளை எடுத்து உறையில் போட்டது. நான் விலை சொன்னேன். பெரியவர் போகாமல் நின்றார். உறையைப் பிரித்து, ஒரு குளிசையை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார்.

"பிள்ளை, என்னுடைய குளிசை பெரியது. தொண்டையில் சிக்குமென்று பாதியாக உடைத்து விழுங்குவேன். இது சின்னதாக இருக்கிறதே."

வாங்கிப் பார்த்தேன். கிருமித் தொற்றுக்குக் கொடுக்கும் மெற்றொனிடசோல். இரண்டும் 'மெற்' என்று தொடங்குவதால் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் இருந்தன. முதல் நாள் யாரோ ஒரு போத்தலை மாற்றி வைத்திருந்தார்கள். அவர் மன்னிப்போடு சிரித்துவிட்டுப் போனார். எனக்கு இரவு முழுவதும் தூக்கமில்லை. பார்வை மங்கிய ஒருவர் வந்திருந்தால்?

அடுத்த நாள் அகர வரிசையைக் கலைத்தோம். பெயர் மயக்கும் மருந்துகளைக் கடையின் வெவ்வேறு பக்கங்களுக்குப் பிரித்தோம்: மெற்போமினும் மெற்றொனிடசோலும், கார்பிமசோலும் கார்பமசெபினும், பிரெட்னிசொலோனும் புரொப்பிரனொலோலும். ஒரே மருந்தின் வேறு வலுக்களும் இதில் அடங்கும். தைரொக்சின் 25, 50, 100 மூன்றும் ஒரே தட்டில் இருக்கக் கூடாது. இரண்டாவது ஒழுங்கு: எடுத்தவர் கொடுக்கக் கூடாது. ஒருவர் எடுத்து வைத்ததை இன்னொருவர் வைத்தியர் எழுதிய மருந்துத் துண்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே உறை மூடப்படும். மூன்றாவது, அந்தப் பெரியவரிடம் கற்றது: உறையைத் திறந்து குளிசையைக் காட்டி, "இதைத்தானா போன மாதமும் குடித்தீர்கள்?" என்று கேட்பது. நிறம் மாறியிருக்கிறது என்று சொன்னால் நிறுத்தி, பெட்டியை எடுத்து மீண்டும் பாருங்கள். பெரும்பாலும் நிறுவனம் மாறியிருக்கும், மருந்து அதுவாகவே இருக்கும். பேராசிரியர் சேனக பிபிலேயின் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கிய நாளிலிருந்து இந்த நாட்டில், நிறுவனம் வைக்கும் வர்த்தகப் பெயரை விட்டு, மருந்தின் பொதுப்பெயரைச் சொல்லிப் பழக்கி வருகிறார்கள். அந்தப் பொதுப்பெயரை நோயாளிக்கும் சொல்லிக் கொடுங்கள். எங்கள் ஊர் அம்மாமார் இரத்த அழுத்தக் குளிசையை லொசாட்டன் என்று சொல்லப் பழகிவிட்டார்கள்.

இப்படித் தப்பியவற்றை எழுத இரண்டாவது சீ.ஆர். கொப்பி ஒன்று வைத்திருக்கிறோம். யார் செய்தது என்று எழுதுவதில்லை. என்ன நடந்தது, எதனால், என்ன மாற்றினோம் என்பவை மட்டும். திட்டு விழும் என்று பயந்தால் பிள்ளைகள் மறைப்பார்கள். மறைத்தால் அதே பிழை திரும்பவும் வரும். ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டிய பிறகு அந்தக் கிழமையின் பக்கத்தை மூவரும் சேர்ந்து வாசிக்கிறோம்.

உறையில் எழுதுவது பற்றி. வைத்தியர்களின் சுருக்கக் குறிகளை அப்படியே எழுதாதீர்கள். "காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்குப் பின்" என்று தமிழில், பெரிய எழுத்தில். நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், வலு, திகதி. எழுத்து வாசிக்காதவர்களுக்குச் சூரியனும் பிறையும் வரைந்து, பக்கத்தில் குளிசை எண்ணிக்கைக்கு வட்டங்கள். பிறகு அவரையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். மூட்டுவாதத்துக்கு மெதோட்ரெக்சேற் வந்தால் இன்னும் கவனம்: அது பெரும்பாலும் கிழமைக்கு ஒரு நாள் எடுப்பது. நாளாந்தம் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. உறையில் "திங்கள் மட்டும்" என்று சிவப்பில் எழுதி, இரண்டு தடவை கோடு போடுகிறேன்.

குழந்தைகளின் காய்ச்சல் மருந்தில் நடக்கும் பிழையையும் சொல்ல வேண்டும். பரசிற்றமோல் பாணியில் 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் இருக்கும். சொட்டு மருந்தில் ஒரு மில்லிலீற்றரிலேயே 100 மில்லிகிராம். ஒரு நாள் ஒரு தாய், எட்டுக் கிலோ நிறையுள்ள பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, மூத்த பிள்ளைக்குக் கொடுத்த பழக்கத்தில் சொட்டு மருந்தையும் ஒரு கரண்டி கொடுக்கலாம்தானே என்று கேட்டார். ஒரு கரண்டி என்றால் 500 மில்லிகிராம். அந்தப் பிள்ளைக்கு ஒரு வேளைக்குக் கூடியது 120. நல்லவேளை கேட்டார். மேசையில் வைத்து, சொட்டுக் குழாயில் எந்தக் கோடுவரை என்று பேனாவால் அடையாளம் போட்டு, தண்ணீரை இழுத்துக் காட்டச் சொன்னேன். மூன்றாம் தடவைதான் சரியாக இழுத்தார். அதற்கு எடுத்த ஐந்து நிமிடத்தில் பின்னால் நின்ற இருவர் முணுமுணுத்தார்கள். நின்றால் நிற்கட்டும். தூளாக வரும் அன்டிபயோட்டிக் பாணிக்கு கொதித்தாறிய தண்ணீரை நாங்களே கடையில் கோடுவரை கலந்து கொடுக்கிறோம். எத்தனையாம் நாளில் கொட்ட வேண்டும் என்பதைத் திகதியாகப் போத்தலில் எழுதுகிறோம்.

கொடுக்கக் கூடாதபோது

அறுவடைக் காலத்தில் இடுப்பு வலிக்கு டைக்குளோபெனக் கேட்டு வருவார்கள். வெயிலில் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் நின்ற உடம்புக்கு அந்தக் குளிசை சிறுநீரகத்தில் இடிக்கும். வவுனியாப் பக்கக் கிராமங்களில் சிறுநீரக நோயால் எத்தனை விவசாயக் குடும்பங்கள் நொந்திருக்கின்றன என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். மாரியில் காய்ச்சலோடு வருகிறவருக்கும் அதே வகைக் குளிசைகள் வேண்டாம். டெங்காக இருந்தால் இரத்தக் கசிவைக் கூட்டும். பரசிற்றமோல் கொடுத்து, இரண்டாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

"இரண்டு அன்டிபயோட்டிக் குளிசை தாருங்கள், தொண்டை நோகிறது" என்பவருக்குத் துண்டில்லாமல் கொடுக்காதீர்கள். துண்டு இருந்தும் காசில்லாமல் மூன்று நாளைக்கு மட்டும் கேட்பவரிடம், அரச வைத்தியசாலையில் இலவசமாக எடுக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். வியாபாரம் போகும் என்று நான் நினைப்பதில்லை. போதைக்காக ட்ரமடோல் என்னும் வலி மருந்தும் பிரீகபலினும் கேட்டு வரும் இளம் பிள்ளைகள் சில நேரம் பழைய துண்டின் நிழற்பிரதியோடு வருவார்கள். ஆகவே கொடுத்த துண்டில் கடை முத்திரையும் திகதியும் எண்ணிக்கையும் போட்டு, எங்கள் கொப்பியிலும் எழுதுகிறோம். சந்தேகம் வந்தால் துண்டெழுதிய வைத்தியருக்குத் தொலைபேசி எடுங்கள். மறுக்கும்போது அந்தப் பிள்ளையை ஆட்கள் முன் அவமானப்படுத்த வேண்டாம். அவனும் யாரோ ஒரு தாயின் பிள்ளை.

இன்னொன்று. இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்ற மருந்தாளர் கடையில் நிற்க வேண்டும். சான்றிதழ் சுவரில் தொங்க, அதற்குரியவர் வேறு ஊரில் இருந்து மாதச் சம்பளம் மட்டும் வாங்குவதை நான் கண்டிருக்கிறேன். அதில் எனக்குக் கோபம் தணிவதேயில்லை. செத்தவீட்டுக்கோ பரீட்சைக்கோ நான் போகும் நாளில் மருந்துப் பகுதி பூட்டியிருக்கும். பிள்ளைகள் சவர்க்காரமும் குழந்தை அணையாடையும் மட்டும் விற்பார்கள்.

பிழை கடையை விட்டுப் போய்விட்டால்

பெயர் மயக்கும் மருந்துகளை மட்டும் ஒவ்வொரு நாளும் கடை பூட்டுமுன் எண்ணுங்கள். பத்து நிமிட வேலை. எண்ணிக்கை, யாருக்கு எது கொடுத்தோம் என்று எழுதும் கொப்பியோடு ஒத்துவராவிட்டால் வீட்டுக்குப் போகக் கூடாது.

கார்த்திகை மாத மழை நாள் ஒன்று. பின்னேரமே இருட்டிவிட்டது, பிள்ளைகளை நேரத்தோடு அனுப்பியிருந்தேன், கடைசி பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் ஒரு அம்மா வந்தார். எடுத்ததும் நான், கொடுத்ததும் நான். ஆறரைக்கு எண்ணியபோது கார்பிமசோல் முப்பது குறைந்திருக்க வேண்டும், குறையவில்லை. கார்பமசெபின் முப்பது குறைந்திருந்தது. தைரொயிட் வருத்தக்காரருக்கு வலிப்புக் குளிசையைக் கொடுத்திருந்தேன்.

கொப்பியில் பெயரும் ஊரும் இருந்தன. தம்பியின் மோட்டார் சைக்கிளில் அந்த ஊருக்குப் போனோம். அதே பெயரில் மூன்று பேர். முதல் வீட்டில் இல்லை, இரண்டாவது வீட்டில் நாய் விடவில்லை, கோயிலடியில் நின்ற ஒருவர் வழிகாட்டினார். மூன்றாவது வீட்டுக் குசினியில் விளக்கு எரிந்தது. உறை சோற்றுப் பானைக்குப் பக்கத்தில், சாப்பிட்ட பிறகு குடிப்பதற்காக எடுத்து வைத்தபடி இருந்தது. "அம்மா, நான் பிழையான மருந்து தந்துவிட்டேன்" என்று அப்படியே சொன்னேன். சரியானதைக் கொடுத்து, உறையைத் திறந்து காட்டி, பழையதை எண்ணி வாங்கினேன். முப்பதும் இருந்தன. மறுநாள் துண்டெழுதிய வைத்தியருக்கும் அறிவித்தேன்.

குடித்திருந்தால் அங்கேயே நின்று 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் எடுப்பித்து, மருந்துப் பெட்டியையும் கையில் கொடுத்து வைத்தியசாலைக்கு அனுப்பியிருக்க வேண்டும். மருந்தின் பெயரும் வலுவும் எத்தனை குளிசை என்பதும் வைத்தியருக்கு உடனே தெரிய வேண்டும். மறைப்பதற்கு அங்கே ஒரு நிமிடமும் இல்லை.

மறுநாள் காலை கொப்பியில் இன்னொரு கோடு அடித்து, தொலைபேசி இலக்கத்துக்கு ஒரு நிரல் சேர்த்தோம். இலக்கம் இல்லாதவர்களுக்கு, வீட்டுக்குப் பக்கத்திலுள்ள கடையினதோ கோயிலினதோ பெயர்.